ஆகாயத்துடன் பேசுவது எப்படி?

குற்றாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக்கூடிய பொருள் ஒன்று உண்டு என்று சொன்னால், தென்காசிச் சீமையில் பிறந்தவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். ஆனி மாதம் பிறந்துவிட்டால் அந்தப் பக்கத்து ஜனங்களின் கண்கள் எல்லாம் மேற்கே திரும்பிவிடும். மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா, அருவி வெள்ளைக் கோடாகத் தெரிகிறதா, சாரல் எட்டிப் பார்க்கிறதா என்பதே ஊர்ப்பேச்சு. ஆனால் வீரகேரளம்புதூர்த் தெருக்களில் நடந்துகொண்டே மாடிகளைச் சற்று அண்ணாந்து பார்த்தால் வேறொரு காட்சி தென்படும். மாடிக்கு ஒரு சிறு தட்டு. அத்தனை தட்டுகளும் குற்றால மலைக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு, கிழக்கும் தென்கிழக்குமாக முகத்தை வைத்திருக்கின்றன. ஓட்டு வீடு, காரை வீடு, பலசரக்குக் கடை என்ற பேதம் அவற்றுக்கு இல்லை. ஊற்றுமலை ஜமீன்தார்களின் அரண்மனை இருந்த அந்த ஊரில், ஜமீன் காலத்துச் சேவகர்கள்கூட இத்தனை ஒழுங்காக ஒரே திசையை நோக்கி நின்றிருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

இந்தத் தட்டுகளை ஊரார் 'டிஷ்' என்பார்கள். இவை யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, அந்த யாரோ இவற்றிடம் என்ன சொல்லுகிறார், எப்படிச் சொல்லுகிறார் என்பதை நேயர்களுடன் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம். பேசிக்கொண்டே போனால் கடைசியில், மாடியை விட்டு, மலையை விட்டு, கடலுக்கே போய்ச் சேர வேண்டியிருக்கும். அதற்கும் ஆயத்தமாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

சந்திரன் பூமியைச் சுற்றி வருவதை எல்லாரும் அறிவோம். அது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு சுற்றுச் சுற்றிவர 27 நாளுக்கு மேல் பிடிக்கிறது. மனிதர்கள் தங்கியிருந்து ஆராய்ச்சி நடத்தும் சர்வதேச விண்வெளி நிலையமோ சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அதற்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரமே போதும். பூமிக்கு அருகில் சுற்றும் பொருளுக்கு வேகம் அதிகம், பாதை குறைவு. தூரத்தில் சுற்றும் பொருளுக்கு வேகம் குறைவு, பாதை அதிகம். இது இயற்கையின் கணக்கு. அப்படியானால் ஒன்றரை மணிக்கும் 27 நாளுக்கும் நடுவில், சரியாக ஒரே நாளில் ஒரு சுற்று முடியும்படியான உயரம் ஒன்று இருந்தே தீரவேண்டும் அல்லவா? இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர்.

அந்த உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, கிழக்கு நோக்கிச் சுற்றும்படி ஒரு யந்திரத்தை விட்டால், அது வினாடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் கீழே பூமியும் அதே கணக்கில் சுழல்வதால், நமக்கு அது ஓடுவதாகவே தெரியாது. தேரோடு தேராக நடக்கிறவனுக்குத் தேர் நகராதது போல, அது வானத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். துருவ நட்சத்திரத்துக்கு ஒரு தம்பி பிறந்தாற் போல என்று வைத்துக்கொள்ளலாம். அசையாத பொருளை நோக்கித் தட்டை ஒரு முறை திருப்பி, திருகாணியை முடுக்கிவிட்டால் போதும். பிறகு ஆயுள் உள்ளவரை அதைத் தொடவேண்டியதில்லை.

இப்போது தட்டுகள் முதுகு காட்டும் ரகசியம் விளங்கும். வீரகேரளம்புதூர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒன்பது பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் பொருள்கள் நமக்குச் சற்றுத் தெற்கே சாய்ந்து தெரியவேண்டும். ஊரின் தீர்க்க ரேகை ஏறக்குறைய 77 பாகை. நம் நாட்டு வீடுகளுக்குத் தொலைக்காட்சி அனுப்பும் செயற்கைக்கோள்களோ 83 பாகையிலும் 93.5 பாகையிலும் அவற்றுக்கு அப்பாலும் நிற்கின்றன. அதாவது நமக்குக் கிழக்கே. உதாரணமாக 93.5 பாகையில் நிற்கும் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், கிழக்கிலிருந்து சற்றே தெற்கே திரும்பி, அடிவானத்திலிருந்து 68 பாகை உயரத்தில் நோக்கவேண்டும். உச்சிக்குச் சிறிது கீழே என்று சொல்லலாம். அதே செயற்கைக்கோளைக் காஷ்மீரத்து ஸ்ரீநகரிலிருந்து பார்ப்பவர் 46 பாகை உயரத்தில்தான் பார்ப்பார். ஆகாயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் இருக்கை அவர்களுடையதை விட முன் வரிசை.

ஆனால் நம் தட்டுகளைப் பார்த்தால் அவ்வளவு உயரத்தை நோக்குவதாகத் தோன்றுவதில்லையே என்று கேட்கலாம். ஒரு பெரிய கிண்ணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தது போன்றது அந்தத் தட்டின் வளைவு. ஆகவே தட்டு நிமிர்ந்து நிற்பது போலத் தெரிந்தாலும், அதன் பார்வை மேலேதான் இருக்கிறது. இதில் ஓர் அனுகூலமும் உண்டு. மழைத் தண்ணீர் அதில் தேங்குவதில்லை.

இப்படி வானத்தில் அசையாத இடம் ஒன்று இருக்கிறது, அதில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதும் செய்தி பரப்பலாம் என்று 1945-ஆம் வருஷத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் கணக்குப் போட்டு எழுதியவர் ஆர்தர் கிளார்க். அவர் 1956 முதல் நமக்கு அண்டைத் தேசமான இலங்கையில் குடியேறி, 2008-இல் காலமாகும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் எழுதிய காலத்தில் அது வெறும் கற்பனை. 1964-இல் அது காரியமாகி, ஜப்பானில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களை அமெரிக்கர்கள் செயற்கைக்கோள் மூலம் பார்த்தார்கள். 1975-இல் நம் நாட்டு எஞ்சினீயர்கள் கொழும்புக்குச் சென்று, கிளார்க்கின் வீட்டிலேயே ஒரு பெரிய தட்டை அமைத்துக் கொடுத்தார்கள். பத்திரிகைக் காகிதத்தில் தாம் வரைந்த யோசனை முப்பது வருஷம் கழித்துத் தம் வீட்டு முற்றத்திலேயே வந்து இறங்கியதைப் பார்க்கும் பாக்கியம் எத்தனை எழுத்தாளருக்குக் கிடைக்கும்?

சரி, மேலே நிற்கும் அந்த யந்திரம் என்ன வேலை செய்கிறது? நெல்லைச் சீமை வாசகர்களுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம். கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் அல்லவா நீங்கள்? புலவர் ஓர் அடியைப் பாடுகிறார். பக்கத்தில் இருக்கும் பின்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார். அவர் சொந்தமாக ஒன்றும் சேர்ப்பதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் பந்தலின் கடைசியில் இருக்கிறவர்களுக்குப் பாட்டுப் போய்ச் சேராது. செயற்கைக்கோள் வானத்தில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர். தரையில் உள்ள பெரிய நிலையம் ஒன்று, படத்தையும் ஒலியையும் எண்களாக மாற்றி, அந்த எண்களை மின்காந்த அலையில் ஏற்றி மேலே அனுப்புகிறது. செயற்கைக்கோள் அதைக் கேட்டு, வலுவூட்டி, தேசம் முழுவதும் கேட்கும்படி கீழே திருப்பிப் பாடுகிறது.

ஒரே ஒரு வித்தியாசம். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் அதே சுருதியில் பாடுவார். இவர் வேறு சுருதியில் பாடுகிறார். மேலே போகும் அலை வினாடிக்குச் சுமார் 1,400 கோடி முறை அதிர்கிறதென்றால், கீழே வரும் அலை 1,100 அல்லது 1,200 கோடி முறை அதிர்கிறது. ஏன் இந்த மாற்றம்? பூமியிலிருந்து அவருக்கு வந்து சேரும் குரல் மிகமிக மெல்லியது. அவர் வெளியிடும் குரலோ தம் காதருகிலேயே ஒலிப்பது. இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால், தம் கூச்சலிலேயே தம் காது அடைத்துப் போகும். புலவர் என்ன பாடினார் என்பதே தெரியாது. கேட்பதற்கு ஒரு சுருதி, பாடுவதற்கு ஒரு சுருதி என்று வைத்துக்கொண்டதால்தான் ஒரே சமயத்தில் கேட்கவும் பாடவும் முடிகிறது. மனிதர்களுடைய சபைகளிலும் இந்த ஏற்பாடு இருந்தால் நன்றாயிருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அவ்வளவு உயரத்திலிருந்து அவர் பாடுவதற்குச் செலவிடும் சக்தி எவ்வளவு என்று தெரிந்தால் நேயர்கள் வியப்படைவார்கள். ஓர் அலைவரிசைத் தொகுதிக்கு நூறு சொச்சம் வாட் என்ற கணக்குத்தான். பழைய காலத்துக் குண்டு பல்புகள் ஒன்றிரண்டுக்கு ஆகும் செலவு. அந்தச் சக்தியும் சூரிய வெளிச்சத்திலிருந்தே கிடைக்கிறது. ஒரு குண்டு பல்பின் பலத்தை 36,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு தேசத்தின் மேல் பரப்பினால், வீரகேரளம்புதூரின் ஒரு மாடிக்கு என்ன மிஞ்சும்? நினைத்துப் பார்க்கவும் முடியாத அளவு சொற்பம். அந்தச் சொற்பத்தைச் சேர்த்து ஒரே புள்ளியில் குவிப்பதுதான் தட்டின் வேலை. குவியும் இடத்தில், தட்டுக்கு முன்னால் நீட்டிய கையின் நுனியில், சிறு டப்பா ஒன்று இருக்கும், அதுதான் காது. தட்டு வெறும் காது மடல்.

மழைக்கும் இதற்கும் உள்ள விரோதத்தை வீட்டுப் பெண்மணிகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். கதையின் முக்கியமான கட்டத்தில் படம் உறைந்து நின்றுவிடுகிறதே, அதுதான். வீட்டுத் தட்டுகளுக்கு வரும் அலையின் நீளம் ஏறக்குறைய ஓர் அங்குலம். மழைத்துளியின் அளவுக்கு அது வெகு தூரமில்லை. ஆகையால் பெருந்துளிகள் அதை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. மூன்று அங்குல அலைகள் மழையை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. ஆனால் அவற்றைப் பிடிக்க ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பெரிய தட்டு வேண்டும். இதில் நம் ஊருக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. குற்றாலத்துச் சாரல் பெய்யும் ஆனி, ஆடியில் மேற்கு மலையில் மேகம் எவ்வளவு கறுத்துக் கிடந்தாலும் தட்டுக்குக் கவலையில்லை. அது கிழக்கே பார்க்கிறது; மேலும் சாரலின் துளி பொடித்துளி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதுதான் அதன் கண் மறைகிறது. மழையைத் தவிர, மார்ச்சு மாதத்திலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும் சில நாட்கள், பகலில் சில நிமிஷம், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்துவிடுகிறான். அப்போது சூரியனுடைய இரைச்சலில் பின்பாட்டுக்காரரின் குரல் அமுங்கிவிடுகிறது. அதற்கு யாரையும் குறை சொல்லுவதற்கில்லை. சூரிய பகவானிடம் புகார் கொடுக்கும் அலுவலகம் இன்னும் திறக்கப்படவில்லை.

இவ்வளவும் நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்ற சரித்திரத்தில் நாம் பெருமைப்படத் தக்கது நிறைய இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்தால் திருவனந்தபுரம்; அதன் அருகே தும்பா என்ற மீனவக் குப்பத்திலிருந்து 1963 நவம்பர் 21-ஆம் தேதி நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. அந்த முயற்சிகளுக்குத் தலைவராயிருந்த விக்ரம் சாராபாய், ஏழை நாட்டுக்கு ஆகாய ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டவர்களுக்கு, கிராமத்துக்குக் கல்வியைக் கொண்டுபோவதற்கு என்று காரணம் காட்டினார். அவர் 1971-இல் காலமானார். அவருடைய எண்ணம் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஒரு வருஷம் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. அமெரிக்காவிடமிருந்து இரவல் வாங்கிய செயற்கைக்கோள் ஒன்றின் மூலம், ஆறு ராஜ்யங்களில் 2,400 கிராமங்களுக்கு, விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம் ஆகியவை படமாகப் போய்ச் சேர்ந்தன. கம்பி வலையால் ஆன மூன்று மீட்டர் தட்டு ஒன்றைக் கிராமப் பள்ளிக்கூடத்தில் வைத்து, மாலையில் ஊரே கூடிப் பார்த்தது. தெலுங்கும் கன்னடமும் ஹிந்தியும் ஒரியாவும் வானத்திலிருந்து இறங்கின. தமிழ்நாட்டுக் கிராமங்கள் அந்த ஆறில் சேரவில்லை.

அடுத்தது சொந்தச் செயற்கைக்கோள். 'ஆப்பிள்' என்ற அந்தப் பரீட்சைச் செயற்கைக்கோள் 1981 ஜூன் 19-ஆம் தேதி ஐரோப்பிய ராக்கெட் ஒன்றில் மேலே சென்றது. அதற்கு முன், அதன் அலைவாங்கியைச் சோதிக்கும்போது, உலோக வண்டியில் வைத்தால் அலைகள் கெட்டுப்போகும் என்பதற்காக, அதை ஒரு மரக்கட்டை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நகைத்தவர்கள் உண்டு. நமக்கு நகைப்பு வரவில்லை. தேவையான குணம் மரத்துக்கு இருந்தது, மரவண்டி நம்மிடம் இருந்தது, எடுத்துப் பயன்படுத்தினார்கள். இதைவிடச் சிறந்த சுதேசி விஞ்ஞானம் வேறென்ன? பிறகு இன்ஸாட் வரிசை தொடங்கியது. 1982-இல் போன முதலாவது சில மாதங்களில் செயலிழந்தது. 1983 ஆகஸ்டு 30-ஆம் தேதி அமெரிக்க விண்ணோடத்தில் சென்ற இரண்டாவது, தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் வானிலைப் படத்தையும் நாடெங்கும் பரப்பியது.

ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு மட்டும் பிறர் கையை எதிர்பார்த்திருந்தோம். கனமான செயற்கைக்கோளை அவ்வளவு உயரத்துக்கு அனுப்ப, பூஜ்யத்துக்கு 253 பாகை கீழே குளிர்ந்த திரவ ஹைட்ரஜனை எரிக்கும் யந்திரம் வேண்டும். அதன் நுட்பத்தை ருஷியாவிடமிருந்து பெற நாம் செய்துகொண்ட ஒப்பந்தம், அமெரிக்காவின் நிர்ப்பந்தத்தால் 1993-இல் குலைந்தது. யந்திரங்கள் சில கிடைத்தன, நுட்பம் கிடைக்கவில்லை. பிறகு நாமே செய்யப் புகுந்தோம். அந்த யந்திரத்தை நிறுத்தி வைத்து எரித்துச் சோதித்த இடம், நம் நெல்லைச் சீமையின் தெற்குக் கோடியில் உள்ள மகேந்திரகிரி. 2010 ஏப்ரலில் போன முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ஆம் தேதி போனது, ஜிஸாட்-14 என்ற செய்திச் செயற்கைக்கோளைச் சரியான பாதையில் சேர்த்தது. குற்றாலத்து அருவி பிறக்கும் அதே மலைத்தொடரின் வேறொரு மடியில், கொடுக்க மறுக்கப்பட்ட வித்தை கைவந்தது.

பெருமைப்பட்டது போதும், இனிக் கேள்விக்கு வருவோம். கேள்வி நம்முடையதன்று. சென்ற ஐப்பசியில் நாம் வீரகேரளம்புதூரில் சில நாள் தங்கியிருந்தபோது, மேலே சொன்ன வில்லுப்பாட்டு உபமானத்தை ஒரு திண்ணையில் வைத்து விஸ்தரித்துக்கொண்டிருந்தோம். ஊரார் அண்ணாச்சி என்று அழைக்கும் வயதான விவசாயி ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி. இம்புட்டு நாளா அது சொல்லுது, நாம கேக்கோம். நாம ஒண்ணு சொன்னா அதுக்குக் கேக்குமா?"

"கேட்காது, அண்ணாச்சி. மாடியில் இருப்பது காது மட்டுந்தான், அதற்கு வாய் இல்லை" என்றோம்.

"வாய் வைக்க முடியாதா? இல்ல, வைக்க வேண்டாமுன்னு விட்டுட்டாகளா?"

நாம் படித்த விஞ்ஞானப் புத்தகங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு கேள்வி நம்மை அதிகமாகச் சிந்திக்க வைத்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

முடியாதா என்றால், முடியும். தட்டுக்கு முன்னால் ஒலிபரப்பும் கருவி ஒன்றையும் சேர்த்து வைத்தால், கேட்கிற தட்டே பேசவும் செய்யும். கம்பி எட்டாத ஊர்களில் உள்ள வங்கிகள் தங்கள் கணக்கை இப்படித்தான் தலைமை நிலையத்துக்கு அனுப்புகின்றன. ஆனால் பேசுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. காது சிறிது கோணினால் அந்த வீட்டுக்கு மட்டுந்தான் நஷ்டம். வாய் கோணினால் பக்கத்துச் செயற்கைக்கோளின் காதில் போய் இரைச்சல் விழும். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் விளங்காது. ஆகவே முறை வகுத்துப் பேசவேண்டும். போய்வரும் தூரமும் அதிகம். நம் குரல் மேலேறிக் கீழிறங்க 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் வினாடி ஆகும். பதில் வர இன்னொரு கால் வினாடி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அரை வினாடி மௌனம் தவிர்க்க முடியாதது. கருவியின் விலையும் அதிகம். சர்க்கார் அனுமதியும் வேண்டும். இவையெல்லாம் கஷ்டங்களே ஒழிய, முட்டுச் சுவர்கள் அல்ல.

வேண்டாம் என்று விட்டுவிட்டார்களா என்றால், பல சமயங்களில் ஆம் என்றே சொல்லவேண்டியிருக்கிறது. 2,400 கிராமங்களில் நடந்த அந்தப் பரீட்சையில், வானத்திலிருந்து கிராமத்துக்குப் பாடம் வந்தது. அதே வழியில் கிராமத்திலிருந்து ஒரு சந்தேகமும் மேலே போகவில்லை. 2004-இல் கல்விக்கென்றே 'எடுஸாட்' என்ற செயற்கைக்கோளை அனுப்பினோம். உலகத்தில் அதற்கு முன்மாதிரி இல்லை என்று மெச்சிக்கொண்டோம். அதன் வகுப்பறைகளில் இரண்டு ஜாதி இருந்தது. ஒன்று, பாடத்தைக் கேட்டு ஆசிரியரைத் திரும்பக் கேள்வி கேட்கக்கூடியது. மற்றொன்று, கேட்க மட்டும் கூடியது. இரண்டாம் ஜாதிப் பள்ளிகளே மிகப் பல. முதல் ஜாதி சில. 2010-இல் அந்தச் செயற்கைக்கோளின் காலம் முடிந்தது. கேள்வி கேட்க முடியாத வகுப்பறையில் உட்கார்ந்த குழந்தைகள் எத்தனை சந்தேகங்களை விழுங்கிக்கொண்டு வீடு திரும்பினார்களோ, அதற்கு ஒரு கணக்கும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சந்தேகத்தை விழுங்கினால் உயிர் போகாது. கடலில் அப்படியன்று. மகேந்திரகிரியிலிருந்து இன்னும் தெற்கே போனால் கன்னியாகுமரிக் கடற்கரை. அங்குள்ள ஆழ்கடல் மீனவர்கள், கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்று, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவர்கள். 2017 நவம்பர் கடைசியில் அந்தக் கடலிலேயே ஒக்கிப் புயல் உருவாகி, 30-ஆம் தேதி முழுப் புயலாக எழுந்தது. வானத்தில் இருந்த நம் செயற்கைக்கோள்கள் அந்த மேகச் சுழலைப் படம் பிடித்தன. எச்சரிக்கை கரைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே கடலுக்குள் வெகு தூரம் போய்விட்டவர்களுக்கு அதை யார் சொல்லுவது? படகுகளில் இருந்த சாதாரண வயர்லெஸ் கருவி நேர்கோட்டில் பேசுவது; பூமி வளைந்திருப்பதால் சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் அதன் குரல் கடலுக்கு மேலே கடந்து போய்விடும். செயற்கைக்கோள் தொலைபேசி என்று ஒன்று உண்டு. ஆனால் தேசப் பாதுகாப்பை முன்னிட்டு, அனுமதியின்றி அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். புயல் எங்கே இருக்கிறது என்று வானம் அறிந்தது. படகு எங்கே இருக்கிறது என்று படகுக்காரன் அறிந்தான். இரண்டையும் சேர்த்து வைக்க வழியில்லாமல், கன்னியாகுமரியிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் ஆண்பிள்ளைகளை இழந்தன.

கருவிகளே இல்லையா என்றால், இருந்தன. அதில்தான் அண்ணாச்சியின் கேள்வி நம் நெஞ்சைக் குத்துகிறது. 2010 முதலே, ஆபத்தில் சிக்கிய படகு பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் மூலம் கரைக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று நம் விண்வெளி நிறுவனத்தால் செய்யப்பட்டு வழக்கத்தில் இருந்தது. அதற்கு வாய் உண்டு; காது இல்லை. கரையிலிருந்து புயல் வருகிறது என்று அதனிடம் சொல்ல முடியாது. அபயக் குரல் கொடுத்தவனுக்கும், தன் குரலைக் கரையில் யாராவது கேட்டார்களா என்பது தெரியாது. ஒக்கிக்குப் பிறகு 2019-இல் 'ஜெமினி' என்ற சிறு பெட்டி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து புயல் செய்தியை வாங்கி மீனவரின் கைபேசிக்குக் கொடுப்பது அது. அதற்குக் காது உண்டு, வாய் இல்லை. செவிடனாகிய பேச்சாளி ஒருவன், ஊமையாகிய கேட்பவன் ஒருவன். இருவரும் தனித்தனியே நல்லவர்கள். ஆனால் நடுக்கடலில் ஒருவனுக்கு வேண்டியது இரண்டும் உள்ள முழு மனிதன் அல்லவா?

இப்போது வழி திறந்திருக்கிறது. முதற்கருவியின் இரண்டாம் தலைமுறை, "உன் செய்தி வந்து சேர்ந்தது" என்று திரும்பச் சொல்லுகிறது. அந்த ஒரு வரி கடலில் தத்தளிக்கிறவனுக்கு எத்தனை பலம் கொடுக்கும் என்பதைக் கரையில் இருக்கிறவர்கள் ஊகிக்கத்தான் முடியும். 2024 ஆகஸ்டு 30-ஆம் தேதி, கடற்கரை ராஜ்யங்களில் ஒரு லட்சம் மீன்பிடி படகுகளுக்கு, கேட்கவும் பேசவும் கூடிய செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தும் திட்டம், சுமார் 364 கோடி ரூபாய்ச் செலவில், மத்திய சர்க்காரால் தொடங்கி வைக்கப்பட்டது. படகு ஒன்றுக்கு முப்பத்தாறாயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகம். ஓர் உயிரின் விலையாக வைத்துப் பார்த்தால் இது செலவே அன்று. ஏட்டில் எழுதிய திட்டம் கடைசிப் படகு வரையில் போய்ச் சேருகிறதா என்பதையே ஜனங்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்களை ஓடவிட்டு, அவற்றின் மூலம் பேசும் முறையும் உலகில் பரவி வருகிறது. அவை அருகில் இருப்பதால் மெல்லிய குரலும் கேட்கும். அரை வினாடி மௌனமும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிஷத்தில் நம் வானத்தைக் கடந்து போய்விடுவதால், ஒன்று மறைவதற்குள் மற்றொன்று வந்து நம் பேச்சை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகின்றன. அதனால்தான் பெரும் பணம் படைத்தவர்கள் மட்டுமே அதில் இறங்க முடிகிறது. நாளைக்கு நம் மலையோரக் கிராமங்கள் அந்த வழியாகப் பேச நேர்ந்தால், பேசும் வாய் நம்முடையதாக இருந்தாலும் அதைத் திறப்பதும் மூடுவதும் யார் கையில் என்ற கேள்வி எழத்தான் செய்யும். மாட்டு வண்டியில் தொடங்கி மகேந்திரகிரியில் வித்தையைச் சம்பாதித்துக்கொண்ட தேசம், அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக்கூடாது.

செய்தித் தொடர்பு என்றால் தொடர்பு இருபுறமும் இருக்கவேண்டும். ஒருபுறம் மட்டும் இருந்தால் அது உத்தரவு; அல்லது உபதேசம்; அல்லது வெறும் பொழுதுபோக்கு. ஒரு தேசம் எத்தனை செயற்கைக்கோள்களை அனுப்பியது, அவை எத்தனை அலைவரிசைகளைக் கீழே கொட்டுகின்றன என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்தத் தேசத்தில் எல்லாருக்கும் கடைசியில் நிற்கிறவன், அலையின் நடுவிலோ மலையின் மடியிலோ நின்றுகொண்டு, "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொன்னால் அது யாருக்காவது கேட்கிறதா என்பதே உரைகல். விஞ்ஞானிகள் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். 72,000 கிலோமீட்டரையும் கால் வினாடியாகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சமிருக்கிற தூரம், சர்க்கார் அலுவலகத்து மேஜைக்கும் மீனவன் படகுக்கும் நடுவில் உள்ள தூரம். அதைச் சுருக்குவதற்கு ராக்கெட் வேண்டியதில்லை.